ஒரே ஜமா, பல கூத்து: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, பழைய பிரிட்டிஷ் விஞ்ஞானக் கதைத் தொடர்களின் கடைசியில் ஓடும் பெயர்களைப் படித்தால் ஒரே குடும்பத்துக் கல்யாணப் பத்திரிகைகளை அடுக்கி வைத்துப் படிப்பது போல இருக்கும் என்று சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். இந்த மாதப் பக்கங்கள் முழுக்க அதற்கே.

கேள்வி: என் மகன் டாக்டர் ஹூ விடாமல் பார்க்கிறவன். பிளேக்ஸ் செவன், குவாட்டர்மாஸ் எல்லாமே டாக்டர் ஹூ நடக்கிற அதே உலகத்தில்தான் நடக்கின்றன என்று சாதிக்கிறான். உண்மையா ஐயா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கதைப்படி பார்த்தால் இல்லைம்மா. ஒவ்வொன்றும் தனி உலகம். டாக்டர் ஹூ, நீலப் பெட்டியில் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றும் ‘டாக்டர்’ என்பவரின் கதை; அந்த வேஷம் கட்டும் நடிகர் அவ்வப்போது மாறுவார். குவாட்டர்மாஸ் ஒரு ராக்கெட் விஞ்ஞானியின் கதை. ஆனால் உங்கள் மகன் கையில் ஒரு சின்ன ஆதாரம் இருக்கிறது. 1988-இல் வந்த ‘ரிமெம்பரன்ஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ என்ற டாக்டர் ஹூ கதையில், பெர்னார்ட் இப்போது கூட இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு விஞ்ஞானி ஏங்குவார். பிரிட்டிஷ் ராக்கெட் குழுவுக்குத் தன் தொல்லையே தலைக்கு மேல் இருக்கிறது என்று கூட இருப்பவர் பதில் சொல்வார். பெர்னார்ட் என்பது பேராசிரியர் குவாட்டர்மாஸின் பெயர். அந்த ராக்கெட் குழு அவர் நடத்தியது. எழுதியவர் மரியாதைக்காக வைத்த வரி அது. அவ்வளவுதான்.

உண்மையான உறவு கதைக்கு வெளியே இருக்கிறது. என் அம்மாவின் ஊர் ஆரணிப் பக்கம். திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். கீசகன் வேஷம் கட்டியவருக்கு வலது கைச் சுண்டுவிரல் வளைந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு ராத்திரி கழித்துக் கர்ணன் வந்தார். கிரீடம் வேறு, முகத்து வர்ணம் வேறு, குரலைக்கூட மாற்றியிருந்தார். விரல் அதே விரல். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாமாவை எழுப்பிச் சொன்னேன். “ஒரே ஜமாடா, ஆள் மாறாது, வேஷம்தான் மாறும்” என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிற்பாடு இந்தத் தொடர்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தச் சுண்டுவிரலைத்தான் தேடுகிறேன்.

டெர்ரி நேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். வேல்ஸ்காரர், கார்டிஃப் நகரத்தில் பிறந்தவர், நகைச்சுவை எழுதிக்கொண்டிருந்தவர். 1963-இல் டாக்டர் ஹூவின் இரண்டாவது கதையை எழுதினார். டாக்டரின் பரம எதிரிகளான, இயந்திரக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகள் அதில்தான் பிறந்தன. 1975-இல் அவரே ‘சர்வைவர்ஸ்’ என்ற தொடரைத் தொடங்கினார். ஒரு கொள்ளைநோய் உலகத்தையே வாரிக்கொண்டு போன பிறகு மிஞ்சிய சிலர் மெழுகுவத்தி செய்யவும் ஏர் பிடிக்கவும் புதிதாகக் கற்றுக்கொள்கிற கதை. 1978 ஜனவரியில் ‘பிளேக்ஸ் செவன்’. கொடுங்கோல் அரசை எதிர்த்து, பிளேக் என்பவன் தலைமையில் திருடர்களும் கைதிகளும் ஒரு கப்பலைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும் கதை. முதல் ஆண்டின் 13 பாகங்களையும் நேஷன் ஒருவரே எழுதினார்.

அவரைச் சுற்றி இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். பிளேக்ஸ் செவனின் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தயாரிப்பாளர் டேவிட் மலோனி. 1975-இல் நேஷன் எழுதிய ‘ஜெனசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’ கதையை இயக்கியவர் அவர்தான். நான்கு ஆண்டும் கதைகளைச் செப்பனிட்டவர் கிறிஸ் பௌச்சர். அவரும் டாக்டர் ஹூவுக்கு மூன்று கதை எழுதிவிட்டு வந்தவர். இசை டட்லி சிம்ப்சன், இரண்டு தொடருக்கும். இனி நடிகர்கள். பிளேக்ஸ் செவனில் விலா என்ற திருடனாக வந்த மைக்கேல் கீட்டிங் அதற்கு முந்தைய வருஷம் டாக்டர் ஹூவில் ‘த சன் மேக்கர்ஸ்’ கதையில் இருந்தார். பிளேக்கின் கூட்டாளி ஏவானாக வந்த பால் டாரோ 1970-இல் டாக்டர் ஹூவில் ராணுவக் கேப்டன். 1980-இல் ஏவானின் கப்பலுக்கு எதிரியாகப் பேபன் என்ற கொள்ளைக்காரன் வந்தான். அந்த வேஷம் கட்டிய காலின் பேக்கர் நாலே வருஷத்தில் டாக்டராகவே ஆகிவிட்டார். 1985-இல் அவருடைய டாக்டருக்கு எதிராக முதலில் பிளேக்ஸ் செவனின் வில்லி செர்வலானாக வந்த ஜாக்குலின் பியர்ஸ் வந்தார், அடுத்து பால் டாரோ வந்தார். வில்லனும் நாயகனும் மேடையில் இடம் மாற்றிக்கொண்டார்கள்.

உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: கடைசியில் பெயர்கள் ஓடும்போது அடுத்த பாகத்துக்குத் தாவ வேண்டாம். அங்கேதான் அவன் தேடுகிற ஒரே உலகம் இருக்கிறது.

கேள்வி: நீங்கள் தோட்டப்பாளையத்தில் வீடியோ கடை வைத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தூர்தர்ஷனில் வராத இந்தத் தொடர்கள் அந்தக் காலத்தில் வேலூருக்கு எப்படி வந்தன?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: என் கடைக்கு வந்தவை வாடகைக் கேசட்டுகள் இல்லை, கடனாக வந்தவை. பாகாயத்தில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலேய அம்மா தன் வீடியோ டெக்கை ரிப்பேருக்குக் கொண்டு வந்தார். ஹெட்டில் பூஞ்சை. ஸ்பிரிட் போட்டு, மான் தோலில் மெதுவாகத் துடைத்து, ஓடுகிறதா என்று சோதிக்க அவர் பையில் இருந்த கேசட்டையே போட்டேன். அவருடைய தம்பி இங்கிலாந்தில் வீட்டு டிவியிலிருந்து பதிவு செய்து அனுப்பியது. அது பிளேக்ஸ் செவன்.

இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்துக்கும் நமக்கும் பால் (PAL) என்ற ஒரே வண்ண டிவி முறை. அதனால் அங்கே பதிந்த கேசட் நம் டெக்கில் அப்படியே வண்ணத்தோடு ஓடும். அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரர்கள் அனுப்புகிற, அந்த நாட்டு முறையான என்டிஎஸ்சி-யில் பதிந்த கேசட்டைப் போட்டால் படம் கருப்பு வெள்ளையில் மேலும் கீழும் உருளும். ஊரில் அமெரிக்கக் கேசட் வைத்திருந்த பலர் அதைப் பார்க்க முடியாமல் வைத்திருந்தார்கள். அந்த அம்மாவின் பெட்டி மட்டும் முழுசாக ஓடியது.

ரிப்பேர் கூலி வேண்டாம், ஒவ்வொன்றாகக் கடன் கொடுங்கள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். கடையை மூடிய பிறகு ராத்திரி பத்து மணிக்கு மேல் நானும் என் கடைப் பையனும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்ப்போம். எனக்கு அப்போது இங்கிலீஷ் காதில் விழும், பிடிபடாது. ஏவான் பேசுகிற வேகத்துக்கு ஒரு காட்சியை மூன்று முறை ஓட்டுவேன்.

கடைசிக் கேசட்டில்தான் அந்த விபத்து நடந்தது. பிளேக்ஸ் செவனின் கடைசிப் பாகம். ஏவான் ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தேடிய பிளேக்கைக் கண்டுபிடித்துவிட்டான். பிளேக் அவனை நோக்கி நடந்து வருகிறான். அங்கே நாடா சிக்கிக்கொண்டது. கடை டெக் மென்று தின்றுவிட்டது. வெளியே எடுத்தபோது நான்கு முழம் நாடா வடாம் போலச் சுருங்கிக் கிடந்தது. மிச்சம் ஐந்து நிமிஷமோ என்னவோ. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. முடிவைச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம், என்றாவது நானே பார்க்கிறேன் என்றேன்.

பார்த்தது 2000-க்குப் பிறகு, டிவிடியில். ஏவான் பிளேக்கைச் சுட்டுவிடுகிறான். காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்துச் சுடுகிறான், பிளேக் காட்டிக்கொடுக்கவில்லை. சுற்றி நிற்கும் தோழர்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஏவான் துப்பாக்கியை உயர்த்திச் சிரிக்கிறான். திரை இருண்ட பிறகு வேட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. அது பிபிசியில் வந்த நாள் 1981 டிசம்பர் 21. டாலெக்கின் ஒரு கை மட்டும் திரைக்குள் நீண்டு முதன்முதலில் மக்களைப் பயமுறுத்தியது 1963 டிசம்பர் 21. டெர்ரி நேஷன் தொடங்கிய இரண்டு காரியங்களுக்கு நடுவில் சரியாகப் பதினெட்டு வருஷம். தற்செயல்தான். ஆனாலும் அந்தத் தேதியில் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. ஒவ்வொரு டிசம்பர் 21-ஆம் தேதி ராத்திரியும் அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தைப் போட்டுப் பார்க்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஹூவின் பல கதைகள் குவாட்டர்மாஸைப் பார்த்துக் காப்பியடித்தவை என்று படித்தேன். நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர், ஆற்காடு

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். நைஜல் நீல் எழுதிய மூன்று குவாட்டர்மாஸ் தொடர்கள் பிபிசியில் 1953, 1955, 1958–59 ஆண்டுகளில் வந்தன. இரண்டாவதில் உள்ளே வெற்றான விண்கற்கள் விழுகின்றன, அதற்குள்ளிருந்து வருவது மனிதரைப் பிடித்துக்கொள்கிறது, ஓர் ஆலைக்குள் ரகசியமாக ஏதோ வளர்கிறது. 1970 ஜனவரியில் வந்த டாக்டர் ஹூ கதை ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’. அதிலும் வெற்றான கோளங்கள் விழுகின்றன, அதிலும் ஓர் ஆலை. மூன்றாவது குவாட்டர்மாஸில் லண்டனில் மண் தோண்டும்போது பழைய விண்கலம் கிடைக்கிறது. நாம் பேய் பிசாசு என்று பயந்ததெல்லாம் அதில் வந்தவர்களின் நினைவு என்று தெரிகிறது. 1971-இல் ‘த டீமன்ஸ்’ கதையிலும் ஒரு மேட்டைத் தோண்டுகிறார்கள், பிசாசுக்கு விளக்கம் விண்வெளியிலிருந்தே வருகிறது. இவ்வளவு ஒற்றுமை தானாக வராது.

பாரதத்தை ஆடாத ஜமா வட ஆற்காட்டில் கிடையாது. யாரும் யாரிடமிருந்தும் திருடியதாக நாம் சொல்வதில்லை, ஏனென்றால் எழுதியவர் பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆடுகிறோம். அங்கே அந்தக் கும்பிடு வெகுகாலம் வரவில்லை. நீல் டாக்டர் ஹூவுக்கு எழுத மறுத்தவர், கடைசிவரை அந்தத் தொடர் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 1988-இல் ‘பெர்னார்ட்’ என்று ஒரு வார்த்தை வந்தது என்று மேலே எழுதினேனே, எனக்கு அது முப்பது வருஷம் தாமதமாக வந்த வந்தனம்.

இன்னொன்றும் நடந்தது. 2005 ஏப்ரலில் பிபிசி முதல் குவாட்டர்மாஸை மறுபடியும் நேரலையில் நடித்துக் காட்டியது. மருத்துவராக நடித்தவர் டேவிட் டெனன்ட். அவர்தான் அடுத்த டாக்டர் என்று நாடகக்காரர்களுக்குத் தெரியும், ஊருக்கு இன்னும் தெரியாது. குவாட்டர்மாஸாக வந்த ஜேசன் ஃப்ளெமிங் அவரைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டிய இடத்தில், ‘நீங்கள் திரும்பி வந்தது சந்தோஷம், டாக்டர்’ என்று மாற்றிச் சொல்லிவிட்டார். இரண்டு வாரத்தில் செய்தி வெளியானது. அந்த வரியை நான் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மூத்த வேஷக்காரர் இளையவரைக் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றுவது போல இருக்கும்.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: ‘குவாட்டர்மாஸ் அண்ட் த பிட்’, ஆறு பாகம். பாதாளச் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய நம் தெருக்களில் ராத்திரி நடந்து போனவன் நீ, தம்பி. உனக்கு முதல் பாகமே பிடித்துவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்த் தோல் கழிவைப் பற்றியும் பாலாற்றைப் பற்றியும் எழுதும்போது ‘டூம்வாட்ச்’ என்று ஒரு பெயரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது என்ன?
– ஆசிரியை, வாணியம்பாடி

பதில்: 1970 முதல் 1972 வரை பிபிசியில் வந்த தொடர். விண்கப்பல் இல்லை, வேற்றுக்கிரகம் இல்லை. விஞ்ஞானம் கைமீறிப் போகும் இடங்களைத் தேடிப் போகும் ஓர் அரசு அலுவலகம், அவ்வளவுதான். முதல் பாகத்திலேயே பிளாஸ்டிக்கைத் தின்னும் ஒரு கிருமி ஆய்வகத்திலிருந்து தப்பி, விமானத்துக்குள் போய்விடுகிறது. விமானத்தில் எத்தனை பிளாஸ்டிக் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

எழுதியவர்கள் கிட் பெட்லரும் கெர்ரி டேவிஸும். பெட்லர் கண் ஆராய்ச்சி செய்த மருத்துவ விஞ்ஞானி. டாக்டர் ஹூவுக்கு ஆலோசனை சொல்ல வந்தவர், அங்கே கதைகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த டேவிஸோடு சேர்ந்து 1966-இல் சைபர்மேன்களைப் படைத்தார். உடம்பில் ஒவ்வோர் உறுப்பாக எடுத்துவிட்டு இயந்திரம் வைத்துக்கொண்டே போனால் கடைசியில் மனிதன் மிஞ்சுவானா என்ற பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அந்தப் பயத்தை வெள்ளி முகமூடி போட்டுச் சைபர்மேனாகக் காட்டினார். முகமூடி இல்லாமல் காட்டியது டூம்வாட்ச். இரண்டும் ஒரே ஆளின் ஒரே கவலை. டூம்வாட்ச் தயாரிப்பாளர் டெரன்ஸ் டட்லி அப்புறம் சர்வைவர்ஸையும் தயாரித்தார், 1980-களில் டாக்டர் ஹூவுக்குக் கதையும் எழுதினார். சுண்டுவிரல் மறுபடியும் தெரிகிறது பாருங்கள்.

என் பெரியம்மா வீடு ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஆற்று மணலில் கையால் ஊற்றுத் தோண்டி, தெளியவிட்டுக் குடிப்போம். கல்யாணமான பிறகு மனைவியை அழைத்துக்கொண்டு போனபோது பெரியம்மா கிணற்று நீரை மொண்டு கொடுக்காமல் பக்கத்து ஊரிலிருந்து குடத்தில் கொண்டுவந்த தண்ணீரைக் கொடுத்தார். கிணற்றில் நீர் இருந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு. 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும் என்பதும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியானது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கை நம் ஊர்ப் பெயரிலேயே படிக்கிறார்கள். டூம்வாட்ச் பார்க்கும்போது எனக்குக் கதையாகத் தெரியவில்லை டீச்சர். பெரியம்மாவின் குடம்தான் தெரிந்தது. வகுப்பில் முதல் பாகத்தைப் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: இந்தத் தொடர்களுக்கும் நம் நாட்டுக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? குறிப்பாக நம் காவலூர் ஆய்வகத்துக்கு?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: காவலூருக்கு நேரடியாக இல்லை. ஆனால் 1986 ஜனவரியில் அங்கே 93 அங்குலத் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது, ஜவ்வாது மலையடிவாரத்தில் நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். அந்த வருஷம்தான் பாகாயத்து அம்மாவின் கேசட்டுகளும் வந்தன. என் மனதில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கின்றன.

நாட்டுக்கு உறவு உண்டு, நெருக்கமாகவே உண்டு. டாக்டர் ஹூவின் முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். 1938-இல் லக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது வயது 27. நாடகப் பிரிவில் பெண் தயாரிப்பாளர் வேறு யாரும் இல்லாத காலம். வெளிநாட்டிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், இளம் பெண் ஒருவர். இந்த இருவரையும் நம்பிக் கொடுத்தவர் கனடாக்காரரான சிட்னி நியூமன். முதலில் எடுத்ததை நியூமன் ஏற்கவில்லை, திரும்ப எடுக்கச் சொன்னார். எடுத்தார்கள். 1963 நவம்பர் 23 மாலை அது ஒளிபரப்பானது. முந்தைய நாள்தான் கென்னடி கொல்லப்பட்டிருந்தார். அடுத்த வாரம் இரண்டாம் பாகத்துக்கு முன்னால் முதல் பாகத்தை மறுபடியும் போட்டார்கள். அதே வெரிட்டி லாம்பர்ட்தான் 1979-இல் பிபிசிக்குப் போட்டியான ஐடிவி சேனலுக்காக வந்த கடைசி குவாட்டர்மாஸுக்கும் நிர்வாகத் தயாரிப்பாளர். ஆற்காடு வாசகருக்கு இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு பேர். 1961-இல் ‘ஏ ஃபார் ஆண்ட்ரோமிடா’ தொடரில் கணினி படைத்த பெண்ணாக வந்த ஜூலி கிறிஸ்டி அசாமில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1979-இல் ‘ஸஃபயர் அண்ட் ஸ்டீல்’ தொடரில் ஸஃபயராக வந்த ஜோனா லம்லி ஸ்ரீநகரில் பிறந்தவர். ஆண்ட்ரோமிடா கதையை ஜான் எலியட்டோடு சேர்ந்து எழுதியவர் வானியலாளர் ஃப்ரெட் ஹாய்ல். அவரிடம் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர் நம் ஜயந்த் நார்லிகர். விண்ணிலிருந்து வரும் செய்தியைக் கேட்டு மனிதர்கள் ஒரு கணினியைக் கட்டுகிற கதையை, விண்மீன்களுக்குள் தனிமங்கள் எப்படி உருவாகின்றன என்று கண்டு சொன்ன ஒருவரே எழுதினார். அந்தத் தொடரில் பெரும்பகுதி இன்றைக்கு இல்லை. அழித்துவிட்டார்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: டாலெக்கை உருவாக்கியவர் டெர்ரி நேஷன் என்கிறீர்கள். ரேமண்ட் கியூசிக் என்று வேறு ஒரு பெயரும் படித்தேனே?
– வாசகர், அரக்கோணம்

பதில்: இரண்டு பேரும்தான். எழுத்தில் நேஷன், உருவத்தில் கியூசிக். அந்த வேலை முதலில் ரிட்லி ஸ்காட் என்ற இளம் வடிவமைப்பாளருக்கு வர வேண்டியது, தேதி ஒத்துவராமல் கியூசிக்கிடம் போனது. நேஷன் உரிமையில் பங்கு வைத்திருந்ததால் பொம்மை விற்ற பணம் அவருக்கு வந்தது. கியூசிக் மாதச் சம்பளக்காரர், அவருக்குக் கிடைத்தது சிறு அன்பளிப்புத் தொகை. கோயிலுக்குச் சிலை வடித்தவன் பெயர் கல்வெட்டில் இல்லாதபோது வரும் வருத்தம் எனக்கு இதிலும் வருகிறது. எங்கே டாலெக்கைப் பற்றிப் பேசினாலும் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

குரல் கொடுத்தவர்களையும் மறக்க வேண்டாம்: பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம். இந்தக் கிரஹாம்தான் 1965-இல் ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடரில் கார் ஓட்டும் பார்க்கருக்கும் திக்கித் திக்கிப் பேசும் விஞ்ஞானி பிரெயின்ஸுக்கும் குரல்.

கேள்வி: டாக்டர் ஹூவின் தொடக்க இசையைக் கேட்டால் இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. என்ன வாத்தியம் அது?
– நாதஸ்வரக் கலைஞர், வாலாஜாபேட்டை

பதில்: வாத்தியமே இல்லை ஐயா. நாடா. பாட்டை எழுதியவர் ரான் கிரெய்னர். எண்பதுகளில் நாங்கள் அறுந்த கேசட்டை பிளேடால் நறுக்கி ஒட்டுவோம் இல்லையா, அதையே ஒவ்வொரு சுரத்துக்கும் செய்தார் டீலியா டெர்பிஷைர் என்ற பெண்மணி. மின் அலையூட்டியிலிருந்து வரும் ஒலி, ஒரு கம்பியைச் சுண்டிய ஒலி, எல்லாவற்றையும் தனித்தனியாக நாடாவில் பதிந்து, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சுருதி சேர்த்து, அங்குலக் கணக்கில் அளந்து நறுக்கி ஒட்டினார். ஒரு சுரம் எத்தனை நேரம் நிற்க வேண்டுமோ அத்தனை நீளம் நாடா. தாளம் அவருக்கு அளவுகோலில் இருந்தது. நான் இருபது வருஷம் நாடா ஒட்டியவன். ஒரு ஒட்டு சரியாக விழுவதே எவ்வளவு பாடு என்று தெரியும். அந்தப் பாட்டில் எத்தனை ஒட்டு என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

கேட்டுவிட்டுக் கிரெய்னரே அசந்துபோய், டீலியாவின் பெயரையும் தன்னோடு சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டார். பிபிசி விதி இடம் கொடுக்கவில்லை. 2013-இல், ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புக் கதையில்தான் திரையில் அவர் பெயர் வந்தது. அவர் இறந்து 12 வருஷம் ஆகியிருந்தது. டாக்டரின் நீலப் பெட்டி புறப்படும் சத்தமும் டீலியா வேலை பார்த்த பிபிசி ஒலிப் பட்டறையில் செய்ததுதான். பிரையன் ஹாட்ஜ்சன் வீட்டுச் சாவியைப் பழைய பியானோவின் தந்தி மேல் இழுத்துப் பதிந்தது. 1958-இல் தொடங்கிய அந்த ஒலிப் பட்டறை ஆரம்பத்திலேயே செய்த வேலைகளில் ஒன்று குவாட்டர்மாஸின் மூன்றாம் தொடருக்கான ஓசைகள். உங்கள் சீவாளிக்கு எத்தனை நாள் பாடுபடுவீர்களோ அப்படிப் பாடுபட்டவர்கள் அவர்கள். அதனால்தான் உங்களுக்குச் சிலிர்க்கிறது.

கேள்வி: பசு மாடு வேஷத்தில் ஒரு டாக்டர் நடித்தாராமே?
– வாசகி, சோளிங்கர்

பதில்: ஆமாம், பீட்டர் டேவிசன். 1981-இல் பிபிசியில் வந்த ‘ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு’ தொடரில், தன்னைச் சாப்பிடச் சொல்லித் தானே வந்து கேட்கும் பிராணியாக. எழுதிய டக்ளஸ் ஆடம்ஸ் அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் டாக்டர் ஹூவில் கதைகளைச் செப்பனிடும் வேலையை விட்டிருந்தார்.

கேள்வி: அப்பா இறந்த பிறகு பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வீடியோ கேசட்டும் ஆடியோ கேசட்டும் கிடைத்தன. வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எறிந்துவிடலாமா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: எறியாதீர்கள். இதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

பிபிசி 1960-களின் நாடாக்களைத் துடைத்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தியது. நாடா விலை அதிகம், மறுபடியும் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம். அதற்கும் முன்னால் நேரலையாக வந்த முதல் குவாட்டர்மாஸில் ஆறில் இரண்டு பாகத்தைத்தான் பதிவே செய்தார்கள். டாக்டர் ஹூவில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாகங்களுக்குப் படம் இல்லை. வாரிஸ் ஹுசைன் இயக்கிய ‘மார்கோ போலோ’ கதையில் ஒரு பாகம்கூட மிஞ்சவில்லை.

ஆனால் அத்தனை பாகத்துக்கும் ஒலி இருக்கிறது. எப்படித் தெரியுமா? சில பிள்ளைகள் டிவிக்கு முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் யாரையும் பேச விடாமல் பதிந்து வைத்திருந்தார்கள். நிறுவனம் காப்பாற்றாததை அந்தப் பிள்ளைகள் காப்பாற்றினார்கள். படமும் சில இடங்களில் திரும்பி வந்தது. 1991 கடைசியில் ஹாங்காங்கிலிருந்து ‘டூம் (Tomb) ஆஃப் த சைபர்மென்’ என்ற டாக்டர் ஹூ கதையின் நான்கு பாகமும் வந்தது. 2013-இல் நைஜீரியாவில் ஒரு டிவி நிலையத்தின் அலமாரியிலிருந்து ஒன்பது பாகம் வந்தது.

உங்கள் அப்பாவின் பெட்டியில் டாக்டர் ஹூ இருக்கும் என்று சொல்லவில்லை. உங்கள் அக்கா கல்யாணம் இருக்கலாம், யாரோ பாடிய கூத்துப் பாட்டு இருக்கலாம், அப்பாவின் குரலே இருக்கலாம். அதனால் மூன்று காரியம் மட்டும் செய்யுங்கள். எந்த டெக்கிலும் போட்டுப் பார்க்காதீர்கள், பூஞ்சையோடு ஓட்டினால் ஹெட்டும் போகும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். வெயிலில் காய வைக்காதீர்கள். புத்தகம் போல நிமிர்த்தி, நிழலான உலர்ந்த இடத்தில் அடுக்குங்கள். என்னிடம் இன்னும் ஓடுகிற டெக் இரண்டு இருக்கின்றன. பத்திரிகை அலுவலகத்தில் சொல்லிவிட்டு, பெட்டியோடு ஒரு நாள் வாருங்கள். லேபிள் ஏதாவது உதிர்ந்திருந்தால் அதையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள்.